குஜரிக் காந்தத்தில் கட்டிய கார் சப்வூஃபர் மூன்றே நாளில் கரகரக்கிறது: எங்கே தப்பு செய்தேன்?

அல்சூர்_பேஸ் · சனி, இரவு 10.20

வணக்கம். மூன்று மாதமாக எல்லாருடைய பதிவையும் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் எழுத வருகிறேன்.

காரின் டிக்கியில் இருந்த 12 இன்ச் சப்வூஃபரின் (பேஸ் ஸ்பீக்கர்) காயில், அதாவது உள்ளே ஆடும் கம்பிச் சுருள், போன மாதம் கருகிவிட்டது. தப்பு என்னுடையதுதான். ஆம்ப்பின் கெயினை முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு பெங்களூரு நைஸ் ரோட்டில் போனேன்; டோல் வருவதற்குள் வண்டிக்குள் எரிந்த வார்னிஷ் வாடை. புதிது வாங்க மனசு வரவில்லை. சிவாஜிநகரில் ஒரு குஜரிக் கடையில் (சென்னை நண்பர்களுக்கு: காயலாங்கடை) மைக்செட் ஸ்பீக்கர் ஒன்றின் பின்பாதி கிடந்தது. 15 இன்ச் கூடை (கோனைத் தாங்கும் சட்டம்) நசுங்கியிருந்தது, ஆனால் காந்தமும் தட்டுகளும் முழுசாக இருந்தன. காந்தம் ஆறு அங்குல அகலம். காந்தமும் தட்டுகளும் சேர்ந்த அந்தப் பின்பாதியைத்தான் மோட்டார் என்கிறேன்; மொத்தம் நாலு கிலோ. அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் பழைய சப்பின் மோட்டார் சுண்டைக்காய். அதைக் கழற்றிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, மேலே கொஞ்சம் பணமும் வைத்து, பெரியதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

எஸ்பி ரோட்டில் 65 மி.மீ. காயில், அதற்கேற்ற கழுத்துள்ள கோன், ஸ்பைடர் (காயிலை நடுவில் பிடிக்கும் மடிப்புத் துணி) மூன்றும் புதிதாக வாங்கினேன். காயில் உயரமானதாக வேண்டும் என்று கேட்டு வாங்கியது; சுற்று 25 மி.மீ. உயரம். கூடை மட்டும் என்னுடைய பழையது. அதில் ஆறு ஓட்டை, இந்த மோட்டாரில் எட்டு. ஒன்றுகூடச் சேரவில்லை. சரி என்று ரெண்டு டியூப் எபாக்சியைக் கலந்து கூடையையும் மோட்டாரையும் ஒட்டிவிட்டேன்.

முதல் நாள் ஓடியது. சத்தத்தை ஏற்றினால் மட்டும் உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது போல டக் டக். மூன்றாம் நாள் ஹெப்பாள் பக்கம் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. அதிலிருந்து மெல்ல வைத்தாலே கரகர. கோனை விரலால் அமுக்கினால் மணல் அரைபடுவது போல இருக்கிறது.

இன்னொன்று. நன்றாக ஓடிய நாட்களிலும் பேஸ் நான் நினைத்த மாதிரி இல்லை. நெஞ்சில் அடிக்கிறது, அடிவயிற்றுக்கு இறங்கவில்லை. இவ்வளவு பெரிய காந்தம் இருந்தும் ஏன்?

வடபழனி_வால்யூம் · சனி, இரவு 10.41

பெட்டிக்குள் பஞ்சு போட்டீர்களா?

அல்சூர்_பேஸ் · சனி, இரவு 10.44

போட்டேன். பஞ்சுக்கும் டக் டக்குக்கும் சம்பந்தம் இருக்கிறதா அண்ணா?

வடபழனி_வால்யூம் · சனி, இரவு 10.45

இல்லை. சும்மா கேட்டேன்.

எஸ்பிரோடு_பெரியவர் · ஞாயிறு, காலை 6.10

தம்பி, உன் ஸ்பீக்கரில் ரெண்டு வியாதி இருக்கிறது, ரெண்டுக்கும் தனித்தனிச் சத்தம். சத்தம் ஏற்றும்போது மட்டும் வருகிற டக் டக், காயிலின் அடிவிளிம்பு பின்தட்டில் இடிக்கும் சத்தம். அது உயரக் கணக்கில் வந்த தப்பு. மெல்ல வைத்தாலும் வருகிற கரகர, காயில் பக்கவாட்டில் உரசும் சத்தம். அது நடு தப்பியதால் வருவது. ஒன்றுக்குச் செய்யும் மருந்து இன்னொன்றுக்கு ஆகாது.

நீ செய்த முதல் தப்பு கடைக்குப் போன வரிசை. மோட்டாரை அளக்காமலேயே காயில் கடைக்குப் போயிருக்கிறாய். மோட்டாரை அளந்துகொண்டு காயிலுக்குப் போக வேண்டும். குஜரியில் கிடைக்கும் மோட்டாருக்கு ஜாதகம் கிடையாது. எந்த மாடல், எந்த வாட்ஸ் என்று எவனும் சொல்ல மாட்டான். அளவு ஒன்றுதான் அதன் ஜாதகம்.

எனக்கு நாலு அளவு வேண்டும். மேல்தட்டின் கனம். நடுத்தூணின் வெளி விட்டம். மேல்தட்டுத் துளையின் உள் விட்டம். மேல்தட்டின் மேல் விளிம்பிலிருந்து பின்தட்டு வரைக்கும் ஆழம். அப்புறம், உன் காயில் இப்போது தட்டுக்கு மேலே எத்தனை மி.மீ. தெரிகிறது என்பதையும் சொல். இரும்பு வெர்னியரைக் கொண்டுபோகாதே, காந்தம் பிடித்து இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் வெர்னியர் மலிவாகக் கிடைக்கும். ஸ்கேல் வைத்து அளந்தேன் என்றால் நான் பதில் எழுத மாட்டேன்.

அல்சூர்_பேஸ் · ஞாயிறு, மாலை 4.32

கோனின் நடுவில் இருக்கும் மூடியை, அந்த டஸ்ட் கேப்பைப் பிளேடால் அறுத்து எடுத்தேன், மனசு கேட்கவில்லை. அளவு இதோ ஐயா. மேல்தட்டு 8 மி.மீ., தூண் 64.2, துளை 67.2, ஆழம் 28. காயில் சுற்று தட்டுக்கு மேலே 3 மி.மீ.தான் தெரிகிறது. ஸ்பைடர் எங்கே உட்கார்ந்ததோ அந்த உயரத்திலேயே ஒட்டிவிட்டேன்.

எஸ்பிரோடு_பெரியவர் · ஞாயிறு, மாலை 5.05

பார், கணக்கு தானாகப் பேசுகிறது. துளையிலிருந்து தூணைக் கழித்துப் பாதியாக்கினால் ஒரு பக்கத்து இடுக்கு 1.5 மி.மீ. கடையில் கேப் என்பார்கள். அந்த இடத்தில் ரெண்டு அடுக்குக் காயில்தான் போகும், நாலு அடுக்கு நுழையவே நுழையாது. அதுவரைக்கும் சரியாகத்தான் வாங்கியிருக்கிறாய்.

காயிலின் நடுவும் மேல்தட்டின் நடுவும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். 25-இல் 8 போனால் 17. அதில் பாதி மேலே, பாதி கீழே. அதாவது தட்டுக்கு மேலே 8.5 தெரிய வேண்டும். நீ 3 விட்டிருக்கிறாய், அதனால் காயில் ஐந்தரை மி.மீ. தாழ்ந்து நிற்கிறது. சரியாக நின்றிருந்தால் பின்தட்டுக்கு 11.5 இடம் இருந்திருக்கும். இப்போது 6. சத்தம் ஏற்றினால் இடிக்காமல் என்ன செய்யும்?

கரகரப்புக்குக் காரணம் அந்த எபாக்சி. நாலு கிலோ இரும்பைப் பசையை நம்பித் தொங்கவிட்டுப் பெங்களூரு ரோட்டில் ஓட்டியிருக்கிறாய். பள்ளத்தில் விழுந்தபோது ஒரு மயிரிழை நகர்ந்திருக்கும். இடுக்கில் காயிலுக்கு வெளிப்பக்கம் இருக்கிற இடமே அரை மி.மீ.கூடக் கிடையாது.

பீன்யா_லேத் · ஞாயிறு, இரவு 8.15

பெரியவர் சொன்னதோடு ஒன்று. இனிமேல் ஓட்டை சேராத மோட்டார் கிடைத்தால், மோட்டாரில் துளை போடப் போகாதீர்கள். டிரில் தூளில் பாதி நேராக இடுக்குக்குள்தான் போகும், அப்புறம் அதை வெளியே எடுப்பது பெரும்பாடு. மோட்டாரின் ஓட்டைகளை ஒரு அட்டையில் பிரதி எடுத்து, கூடையில் துளை போடுங்கள். கூடையைக் காந்தத்திலிருந்து பத்தடி தள்ளி வைத்துத் துளையிட்டு, கழுவித் துடைத்த பிறகு பொருத்த வேண்டும். எங்கள் பட்டறையில் ஒரு பையன் கிரைண்டர் ஓடும் மேசையிலேயே காந்தத்தைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது அது முள்ளம்பன்றி.

கணக்குப்பிள்ளை · ஞாயிறு, இரவு 9.30

யாரும் தொடாத மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பெரிய காந்தம் இருந்தும் பேஸ் ஏன் இறங்கவில்லை?

ஸ்பீக்கரின் இழுவிசையைப் பிஎல் என்பார்கள். இடுக்கில் இருக்கும் காந்தப் புலத்தின் வலுவையும், அந்த இடுக்குக்குள் நிற்கும் கம்பியின் நீளத்தையும் பெருக்கினால் வருவது. பிஎல் கூடினால் காயில் வலுவாகத் தள்ளும், அது சரி. ஆனால் நகரும் காயில் தானே ஒரு ஜெனரேட்டராகவும் வேலை செய்து, எதிர் வோல்டேஜ் உண்டாக்கித் தன்னைப் பிடித்து நிறுத்தும். பிஎல் கூடக் கூட இந்தப் பிரேக் அதன் வர்க்கத்தில் கூடும். கோன் இயல்பாக ஆடக்கூடிய அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில்தான் இந்தப் பிரேக் முழு பலத்தோடு பிடிக்கும். டிக்கியில் ஒரு சீல் செய்த பெட்டிக்குள் அந்த இடம் 50, 55 ஹெர்ட்ஸ். நீங்கள் அடிவயிறு என்று சொல்வதும் அதே இடம்தான்.

ஒரு உதாரணம். நகரும் பாகம் 141 கிராம், காயில் 3.4 ஓம், ஒத்ததிர்வு (பெட்டியில்லாமல் கோன் இயல்பாக ஆடும் அதிர்வெண்) 36 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பிஎல் 13 என்றால் மின் க்யூ 0.64 வரும் (க்யூ குறையக் குறைய அந்தப் பிரேக்கின் பிடி இறுகும்). அதே கோனுக்கு, மற்றதெல்லாம் அப்படியே இருக்க, பிஎல் 20 ஆனால் 0.27. பாதிக்கும் கீழே. நூறு ஹெர்ட்ஸுக்கு மேலே சத்தம் கூடும், அதனால் நெஞ்சில் அடிக்கும். கீழே இறுகிப்போகும்.

காந்தம் பெரிசு என்றால் பேஸ் பெரிசு என்பது விற்கிறவர்கள் பாடம்.

மைக்செட்_ஸ்ரீராமபுரம் · ஞாயிறு, இரவு 11.50

நெஞ்சு, அடிவயிறு எல்லாம் சரி சார். எங்கள் வீட்டில் இருபது வருஷமாக மைக்செட் தொழில். ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது இதே மாதிரி 15 இன்ச் வைத்துத்தான் தெருவே அதிர்கிறது. அந்த மோட்டாரில் பேஸ் வராது என்று சொன்னால் எங்கள் ஏரியாவில் சிரிப்பார்கள்.

கணக்குப்பிள்ளை · திங்கள், காலை 7.40

உங்கள் பெட்டி எவ்வளவு பெரியது அண்ணே?

மைக்செட்_ஸ்ரீராமபுரம் · திங்கள், காலை 7.52

பீரோ அளவு இருக்கும். முன்னாடி காற்றோட்டத் துளை விட்ட பெட்டி. மேடைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டிரண்டு.

கணக்குப்பிள்ளை · திங்கள், காலை 8.10

அதேதான் நானும் சொல்ல வருவது. க்யூ குறைந்த மோட்டார் துளை விட்ட பெட்டிக்குப் பொருந்தும். அந்தத் துளையில் இருக்கும் காற்றே கீழ் சுருதியில் கோனுக்காக வேலை செய்துவிடும், கோன் கொஞ்சமாக ஆடினால் போதும். அத்தோடு உங்களிடம் நாலு ஸ்பீக்கர், பீரோ பெட்டி. அதே பீரோவை அல்சூர்க்காரர் டிக்கியில் வைத்தால் ஸ்டெப்னியை மடியில் வைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

மைக்செட்_ஸ்ரீராமபுரம் · திங்கள், காலை 8.31

அது ஒத்துக்கொள்ள வேண்டிய விஷயம். எங்கள் காயிலும் குட்டைதான். 14 மி.மீ. சுற்றுக்கு மேல் நான் பார்த்ததில்லை. கோன் ஆடுவது கண்ணுக்கே சரியாகத் தெரியாது. வரட்டும், தம்பியின் காரையும் பார்ப்போம்.

கேஆர்புரம்_ரவுண்டானா · திங்கள், பகல் 1.15

இடையில் ஒரு சந்தேகம். என்னிடம் இருப்பது ரெட்டைக் காயில், நாலு ஓமும் நாலு ஓமும். ரீகோன் செய்யும்போது (காயில், கோன் மாற்றிக் கட்டும்போது) எதைக் கவனிக்க வேண்டும்?

எஸ்பிரோடு_பெரியவர் · திங்கள், பகல் 2.00

ஒட்டுவதற்கு முன்னாலேயே ஒன்றரை வோல்ட் செல்லால் ரெண்டு காயிலையும் தனித்தனியாகச் சோதித்துக்கொள். காயிலை இடுக்கில் சும்மா நிறுத்தி, செல்லைத் தொட வேண்டும். வெளியே துள்ளினால் செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ரெண்டிலும் குறித்துக்கொள். ஒன்றை மாற்றிக் கொடுத்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். கோன் அசையாது, காயில் மட்டும் சூடாகும். தொடரில் இணைத்தால் 8 ஓம், இணையாக இணைத்தால் 2. உன் ஆம்ப் 2 தாங்குமா என்று பார்த்துக்கொள்.

அல்சூர்_பேஸ் · திங்கள், இரவு 9.05

பெரியவரே, கணக்குப்பிள்ளை அண்ணா, ரொம்ப நன்றி. அப்போது இந்த மைக்செட் மோட்டாரை விட்டுவிட்டு நான் எந்த மாதிரி மோட்டார் தேட வேண்டும்? காரில் இருந்து எடுத்ததுதான் வேண்டுமா?

எஸ்பிரோடு_பெரியவர் · திங்கள், இரவு 9.20

தம்பி, உன் பழைய சப்பின் மோட்டாரை எப்படி இருந்தது என்று விவரமாகச் சொல் பார்ப்போம்.

அல்சூர்_பேஸ் · திங்கள், இரவு 9.34

ரெண்டு இன்ச் காயில். காந்தம் ஐந்து அங்குலம்கூட இருக்காது. மேல்தட்டு கொஞ்சம் கனம். பின்தட்டு நடுவில் வட்டமாக வெளியே பிதுங்கி இருந்தது, எங்கோ அடிபட்டிருக்கிறது என்று நினைத்தேன். காயில் கருகிய சூட்டில் காந்தமும் செத்திருக்கும் என்றுதான் கொடுத்தேன்.

பீன்யா_லேத் · திங்கள், இரவு 9.41

ஐயையோ.

எஸ்பிரோடு_பெரியவர் · திங்கள், இரவு 9.50

அது அடிபட்டதில்லை தம்பி. காயில் இறங்கி வர இடம் வேண்டும் என்று கம்பெனியில் அச்சு வைத்து அழுத்திப் பிதுக்கியது. சப்வூஃபர் மோட்டாருக்கு அதுதான் அடையாளம். வைரத்தைக் கொடுத்துவிட்டுப் பூசணிக்காய் வாங்கி வந்திருக்கிறாய்.

பீன்யா_லேத் · திங்கள், இரவு 10.12

சூட்டைப் பற்றி நான் சொல்கிறேன். கறுப்புக் காந்தம் ஃபெரைட். அது காந்தத் தன்மையை முழுக்க இழக்க வேண்டுமானால் கிட்டத்தட்ட 450 டிகிரி வேண்டும். காயிலின் வார்னிஷும் பசையும் அதற்கு ரொம்ப முன்னாலேயே கருகிவிடும். சூட்டில் ஃபெரைட் கொஞ்சம் பலவீனமாகும், ஆறினதும் திரும்பிவிடும். பயப்பட வேண்டியது வெள்ளி மாதிரி மின்னும் சின்ன நியோடிமியம் காந்தத்துக்குத்தான். அதில் சாதாரண ரகம் 80 டிகிரியைத் தாண்டினாலே நிரந்தரமாக வலு குறையும். பழைய வால்வு ரேடியோ ஸ்பீக்கரில் அல்நிகோ இருக்கும், அதை மட்டும் பிரித்துப் பார்க்காதீர்கள். காந்தச் சுற்றைத் திறந்தாலே அதன் வலு இறங்கிவிடும். உங்கள் ஃபெரைட் மோட்டார் நூற்றுக்குத் தொண்ணூறு நன்றாகத்தான் இருக்கும். கடையில் இன்னும் இருக்கிறதா பாருங்கள்.

அல்சூர்_பேஸ் · புதன், இரவு 8.45

இருந்தது! இரும்புத் துண்டுக் குவியலுக்கு மேலேயே வைத்திருந்தார். ஒரு கைப்பிடி ஆணியும் சீவல் தூளும் அதில் ஒட்டி, பார்க்கவே பரிதாபம். எவ்வளவு என்று கேட்டேன். "இது சப்வூஃபர் காந்தம் தம்பி" என்றார். நான் கொடுத்தது இரும்பு விலைக்கு, திரும்ப வாங்கியது சப்வூஃபர் விலைக்கு. தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் பேரம் பேசிப் பார்த்தேன், அசையவில்லை.

இந்த முறை அளந்துவிட்டுத்தான் அடுத்த வேலை. மேல்தட்டு 10 மி.மீ., தூண் 50.0, துளை 55.0, ஆழம் பிதுக்கலோடு சேர்த்து 36.

எஸ்பிரோடு_பெரியவர் · புதன், இரவு 9.15

இடுக்கு ரெண்டரை. நாலு அடுக்குக் காயில் தாராளமாகப் போகும். உள் விட்டம் 50.8, சுற்று உயரம் 32 கேட்டு வாங்கு. 32-இல் 10 போனால் 22, ஒரு பக்கத்துக்கு 11 மி.மீ. ஆட்டம். காயிலின் அடி தட்டின் மேல் விளிம்பிலிருந்து 21-இல் நிற்கும், பின்தட்டுக்கு இன்னும் 15 இருக்கும். இடிக்காது. கோனும் ஸ்பைடரும் ரெண்டு இன்ச் கழுத்துக்கு வேறு வாங்க வேண்டும், வழியில்லை. ஓட்டை?

அல்சூர்_பேஸ் · புதன், இரவு 9.18

கூடையும் இதனுடையதுதானே ஐயா. எபாக்சியைச் சூட்டுக் காற்று அடித்து உரித்துவிட்டேன். ஆறு ஓட்டையும் ஆறு போல்டும் அழகாக உட்கார்ந்துவிட்டன.

வடபழனி_வால்யூம் · புதன், இரவு 9.40

இடுக்கை எப்படிச் சுத்தம் செய்யப் போகிறீர்கள்? ஊதினால் போகாதே.

எஸ்பிரோடு_பெரியவர் · புதன், இரவு 10.05

ஊதவே கூடாது, இன்னும் உள்ளே போகும். கல்யாணப் பத்திரிகை அட்டையை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டு. பெயின்ட் அடிக்கிறவர்கள் ஒட்டும் பேப்பர் டேப்பைப் பசை வெளியே தெரிகிற மாதிரி அதில் சுற்று. இடுக்கில் விட்டு ஒரு சுற்று சுற்றி எடு, டேப்பை மாற்று, மறுபடியும் விடு. டேப் வெள்ளையாகவே வெளியே வரும் வரைக்கும். உன்னுடையதற்கு ஒரு மணி நேரம் ஆகும். முடித்த கையோடு இடுக்கின் மேல் டேப் ஒட்டி மூடிவிடு. ஒட்டும் நேரத்தில்தான் திறக்க வேண்டும்.

ஜேசிரோடு_ஜாலி · வியாழன், காலை 11.00

பசை விஷயத்தில் இவ்வளவு பயம் தேவையில்லை. ஐந்து நிமிட எபாக்சி போட்டு நான் பத்துப் பதினைந்து ஸ்பீக்கர் கட்டியிருக்கிறேன். எல்லாம் ஓடுகின்றன.

எஸ்பிரோடு_பெரியவர் · வியாழன், காலை 11.45

வீட்டு ஸ்பீக்கராக இருக்கும்.

ஜேசிரோடு_ஜாலி · வியாழன், காலை 11.52

பெரும்பாலும் வீட்டுடையதுதான். அதனால் என்ன?

பீன்யா_லேத் · வியாழன், பகல் 12.30

அறைச் சூட்டில் இறுகும் எபாக்சி பலவும் 60 டிகிரி சுமாரில் இளக ஆரம்பித்துவிடும். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியே அதில் பாதிக்கு மேல் ஏறிவிடும், மீதியைக் காயில் பார்த்துக்கொள்ளும். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் கூடும். காயில் 200 டிகிரிக்குப் போனால் 3.4 ஓம் கிட்டத்தட்ட 5.8 ஆகும். அப்போது சத்தம் குறைகிறதே என்று இன்னும் ஏற்றுவார்கள், இன்னும் சூடேறும். அல்சூர்க்காரர் நைஸ் ரோட்டில் செய்ததும் அதுதான்.

எஸ்பிரோடு_பெரியவர் · வியாழன், பகல் 1.10

கோன், ஸ்பைடர், காயில் மூன்றும் கூடும் கழுத்துக்கு 24 மணி நேரத்தில் இறுகும் எபாக்சி போடு, அதிலும் சூடு தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்கு. கோனின் வெளிவிளிம்பு வளையமான சரவுண்டைக் கூடையில் ஒட்ட, ஆசாரிகள் சன்மைக்காவுக்குப் போடும் மஞ்சள் ரப்பர் பசை போதும். ஆனால் ஒன்று, அது காய்ந்த பிறகு ஒட்டினால் அதே இடத்தில் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. கொஞ்சம் ஈரமாக இருக்கும்போதே வைத்து நடுவைச் சரிபார்த்துக்கொள். குவிக் பசை வேண்டாம். கண்ணாடி மாதிரி இறுகும், அதிர்வில் விரிசல் விடும்.

நெறியாளர் · வியாழன், பகல் 1.25

இதற்கு மேல் பசைச் சண்டை போட வேண்டுமானால் தனி இழை திறந்துகொள்ளுங்கள். போன வருஷத்துச் சண்டை இன்னும் காயவில்லை.

அல்சூர்_பேஸ் · ஞாயிறு, இரவு 7.30

முடித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இடுக்கைச் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் என்றார் பெரியவர். எனக்கு ரெண்டே கால் மணி நேரம் ஆனது. இருபத்தி மூன்று முறை டேப் மாற்றினேன். கடைசியாக வந்தது ஒரே ஒரு இரும்பு முள், முடியைவிட மெல்லியது. அது உள்ளே இருந்திருந்தால் அடுத்த ஞாயிறும் இங்கே புலம்பிக்கொண்டிருப்பேன்.

காயிலை நடுவில் நிறுத்தத் தூணுக்கும் காயிலுக்கும் நடுவே 0.4 மி.மீ.க்கு ஏதாவது வேண்டும். வீட்டில் தேடியதில் அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரே கிடைத்தது. வெர்னியரில் 0.18 காட்டியது. ரெண்டு மடிப்பு 0.36. ஆறு பட்டை வெட்டித் தூணைச் சுற்றிச் சம தூரத்தில் செருகினேன். காயில் இறுக்கமாகவும் இல்லை, தொளதொளப்பாகவும் இல்லை, விரலால் தள்ளினால் எண்ணெய் போட்டது போல இறங்கியது. வெட்டுவதற்கு முன்னால் அம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும், அது வேறு கதை.

காயில் மேல்தட்டுக்கு மேலே 11 மி.மீ. தெரிய வேண்டும். அதற்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை 11 மி.மீ. உயரத்துக்கு வெட்டி மூன்று துண்டு எடுத்துத் தட்டின் மேல் நிறுத்தினேன். சுற்றின் மேல் விளிம்பு மூன்றுக்கும் ஒரே மட்டத்தில் வரும் வரை காயிலை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். இந்த முறை காயிலின் உயரத்துக்கு ஸ்பைடரை ஒத்துப்போக வைத்தேன். ஸ்பைடர் உட்காரும் விளிம்பு ஒன்றரை மி.மீ. தாழ்ந்திருந்ததால், கனமான அட்டையில் ஒரு வளையம் வெட்டி அடியில் கொடுத்தேன். போன முறை இதைச் செய்யாததால்தான் எல்லாம் கெட்டது.

கழுத்தில் எபாக்சி போட்டு 24 மணி நேரம் தொடவில்லை. அப்புறம் சரவுண்டு. அப்புறம் நூலோடு பின்னிய அந்த நெகிழ்கம்பி, கடையில் லீடு ஒயர் என்கிறார்கள். கோனைக் கையால் முழுக்க வெளியே இழுத்தபோதும் இறுகாத நீளத்துக்கு விட்டுப் பற்றவைத்தேன். செல்லால் தொட்டேன், கோன் வெளியே துள்ளியது. எக்ஸ்ரே பட்டைகளை ஒவ்வொன்றாக உருவினேன். கோனை அமுக்கினேன். சத்தமே இல்லை.

டஸ்ட் கேப்பை மட்டும் இன்னும் ஒட்டவில்லை. அளந்து பார்த்துவிட்டு ஒட்டலாம் அல்லவா?

கணக்குப்பிள்ளை · ஞாயிறு, இரவு 8.10

அருமை. ஒட்டிவிட்டே அளங்கள், அதன் எடையும் கணக்கில் வர வேண்டும். சொந்தக் கையால் சேர்த்த ஸ்பீக்கருக்கு அளவுத்தாள் கிடையாது, நாம்தான் எழுத வேண்டும். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் தொடங்கி, ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் விரித்த கணக்குதான் இன்றைக்கும் உலகம் முழுக்க ஓடுகிறது. அதற்கு உங்களுக்குத் தேவை ஒரு மல்டிமீட்டர், ஒரு 1000 ஓம் ரெசிஸ்டர், போனில் சுருதி எழுப்பும் ஆப்.

ஆம்ப்பிலிருந்து ரெசிஸ்டர் வழியாக ஸ்பீக்கருக்குக் கொடுங்கள். ஆம்ப்பின் வாயில் 10 வோல்ட் வரும்படி வைத்தால், ஸ்பீக்கர் முனையில் வரும் ஒவ்வொரு 10 மில்லிவோல்ட்டும் ஒரு ஓம். சுருதியை மெல்ல மாற்றுங்கள். மீட்டர் உச்சத்துக்குப் போகும் இடம்தான் ஒத்ததிர்வு. அப்புறம் கோனின் மேல் தெரிந்த எடையை ஒட்டி மறுபடியும் அளக்க வேண்டும்.

எடைக்கு 10 ரூபாய் நாணயம் எடுங்கள். ஒன்று, ரெண்டு ரூபாய் வேண்டாம், இப்போது வருபவை ஸ்டீல், மோட்டார் அவற்றை இழுக்கும். 10 ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டாது.

அல்சூர்_பேஸ் · திங்கள், இரவு 9.55

டஸ்ட் கேப்பை ஒட்டிக் காயவிட்டு அளந்தேன். எட்டு நாணயம், தெருமுனை நகைக்கடைத் தராசில் 62 கிராம். எதற்கு என்று கேட்டார், ஸ்பீக்கருக்கு என்றேன், மேலே கேட்கவில்லை. வெறும் கோன் 36 ஹெர்ட்ஸ். எட்டு நாணயத்தோடு 30.

கணக்குப்பிள்ளை · திங்கள், இரவு 10.20

36-ஐ 30-ஆல் வகுத்தால் 1.2, வர்க்கம் 1.44, ஒன்றைக் கழித்தால் 0.44. 62-ஐ அதால் வகுத்தால் நகரும் எடை 141 கிராம். அன்றைக்கு நான் உதாரணத்துக்குச் சொன்ன எண்ணே வந்துவிட்டது, சத்தியமாக ஜோசியம் இல்லை. 12 இன்ச்சுக்கு வழக்கமாக வருகிற எடை, வழக்கமான ஒத்ததிர்வு, அதைத்தான் அன்று எடுத்துக்கொண்டேன்.

கோன் பரப்பை 480 சதுர செ.மீ. என்று எடுத்தால், சஸ்பென்ஷனுக்கு (ஸ்பைடரும் சரவுண்டும்) சமமான காற்றின் அளவு கடல்மட்டத்தில் 45 லிட்டர் வரும். ஆனால் நீங்கள் பெங்களூரில் இருக்கிறீர்கள். சுமார் 900 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் பத்து சதவீதம் குறைவு, அதே ஸ்பீக்கருக்கு இங்கே 41 லிட்டர்தான். 35 லிட்டர் சீல் பெட்டியில் மொத்த க்யூ இங்கே 0.84, சென்னையில் 0.86.

வடபழனி_வால்யூம் · திங்கள், இரவு 10.31

அப்போது பெங்களூரு பேஸைவிடச் சென்னைப் பேஸ் உசத்தி என்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை · திங்கள், இரவு 10.33

காதுக்குத் தெரியாது சார். கணக்குக்கு மட்டும் தெரியும்.

பெட்டியில் ஒத்ததிர்வு 53-க்கு ஏறும். கவலை வேண்டாம், காரின் உள்நீளம் ரெண்டரை மீட்டர் என்றால் சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே வண்டிக்குள் அடைபட்ட காற்றே பேஸைத் தூக்கிக் கொடுக்கும். இந்த முறை கெயினை மட்டும் பாதியில் வையுங்கள்.

அல்சூர்_பேஸ் · சனி, மாலை 6.40

ஐந்து நாள் ஓட்டிவிட்டேன். வேண்டுமென்றே அதே ஹெப்பாள் பள்ளத்தில் ரெண்டு தடவை இறக்கினேன். டக் இல்லை, கரகர இல்லை. அடிவயிறு வந்துவிட்டது. பின் சீட்டில் உட்கார்ந்த அம்மா, முழங்காலில் அதிர்கிறது என்றார். எக்ஸ்ரேயைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

மைக்செட்_ஸ்ரீராமபுரம் · சனி, மாலை 7.05

தம்பி, அந்த 64.2 தூண் மோட்டார் இன்னும் கையில் இருக்கிறதா? அதே அளவில் காயிலும் கூடையும் என்னிடம் சும்மா கிடக்கின்றன. ஆடிக்கு மூன்று வாரம்தான்.

அல்சூர்_பேஸ் · சனி, மாலை 7.09

இருக்கிறது அண்ணே. இடுக்கில் டேப் ஒட்டி மூடி வைத்திருக்கிறேன். நாளைக்கு வண்டியில் கொண்டுவந்து தருகிறேன். இரும்பு விலை போதும்.